பொன் நகரில் ஓர் அச்சுக்கோப்பாளர்

ஊரை விட்டுப் பட்டினத்துக்குப் பிழைக்கப் போகும் இளைஞர் கதை எல்லா நாட்டுக்கும் பொதுவானது. போனவர்களிற் சிலர் செல்வராயினர். பலர் வாடகை கொடுத்தே வாழ்நாளைக் கழித்தனர். போன இடத்திலே வாடகை ஏறிக்கொண்டே இருக்க, கூலி மாத்திரம் ஏன் அதனோடு ஏறவில்லை என்ற கேள்வியைப் பற்றிக்கொண்டு, அதற்கு ஒரு விடை காணும்வரை இருபது ஆண்டுகள் விடாதிருந்த ஒருவரை நான் அறிவேன். அவர் அமெரிக்கரான ஹென்றி ஜோர்ஜ். அவர் எழுதிய ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகமெங்கும் படிக்கப்பட்டது. ரஷ்யாவிலே டால்ஸ்டாயும் சீனாவிலே சுன் யாட் சென்னும் அவரைத் தம் ஆசிரியருள் ஒருவராக மதித்தனர். பல்கலைக்கழகத்துப் பொருளியலாரோ, கல்லூரி வாசலை மிதியாத ஒருவர் தங்கள் துறையில் நுழைந்துவிட்டாரே என்று முகஞ்சுளித்தனர். அவர் அந்தக் கேள்வியைப் புத்தகத்திற் பெறவில்லை, வயிற்றிற் பெற்றார். அந்த வரலாற்றையே இங்கே சொல்லப் புகுகின்றேன்.

1839ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி, அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள பிலடெல்பியா நகரில் ஜோர்ஜ் பிறந்தார். தந்தையார் சமய நூல்களைப் பதிப்பித்து விற்றவர். அதில் நொடித்துப் பின்னர் சுங்கப் பகுதியில் இலிகிதராய் அமர்ந்தவர். பத்துப் பிள்ளைகள் பிறந்த அந்த வீட்டில் ஜோர்ஜ் இரண்டாமவர். பதினான்கு வயது நிரம்புமுன்னரே பள்ளிப் படிப்பு நின்றது. சில காலம் கடைச் சிப்பந்தி வேலை. பின்பு கடல் ஆசை. 1855இல், பதினைந்து வயதில், ‘இந்து’ என்ற பெயருடைய பழைய பாய்க்கப்பலொன்றில் மாதம் 6 டொலர் சம்பளத்துக்குச் சேர்ந்து, மெல்போர்ணுக்கும் அங்கிருந்து கல்கத்தாவுக்கும் சென்றார். நம் பக்கத்துக் கடலை அவர் கண்டது அப்போதுதான். ஊக்ளி நதியில் மிதந்து வந்த பிணங்களைக் கண்டு அச்சிறுவர் திகைத்ததை அவருடைய நாட்குறிப்பு கூறுகிறது. கீழைத்தேசம் என்றால் மணியும் பட்டும் என்று கதைகளிற் படித்திருந்தவருக்கு, செல்வமும் சாவும் ஒரே ஆற்றங்கரையில் இருப்பதைக் காட்டிய முதற் காட்சி அது. திரும்பும்போது ஒரு குரங்குக் குட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனாராம். பதினான்கு மாதம் கழித்து, 1856ஆம் ஆண்டின் நடுவில் வீடு வந்து சேர்ந்தார்.

மகன் மறுபடியும் கடலுக்குப் போய்விடக் கூடாதென்று தந்தையார் அவரை ஓர் அச்சகத்திற் சேர்த்தார். எழுத்துக் கோக்கும் தொழில் அவ்வாறுதான் வந்தது. பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டதும், சோறின்றிப் பட்டினி போட்டதும் அத்தொழிலே. 1857இல் அமெரிக்காவில் பெரும் பண நெருக்கடி ஏற்பட்டது. வங்கிகள் கதவடைத்தன, ஆலைகள் நின்றன, பிலடெல்பியாவில் தொழில் பழகிய இளைஞர் தெருத் தெருவாக அலைந்தனர். அவ்வேளையிற் பசிபிக் கரையிலுள்ள ஓரிகனிலிருந்து அறிந்தவர் எழுதிய கடிதங்கள், அங்கே கூலி மிக அதிகம் என்ற செய்தியைச் சுமந்து வந்தன. கூலி அதிகம் என்ற இரண்டு சொல் போதாதா, பதினெட்டு வயதுக்கு?

போவதற்கு வழி மூன்று இருந்தன. மாட்டுவண்டித் தொடர்களோடு கண்டத்தைக் குறுக்கே கடப்பது ஒன்று; அதற்கு மாதக்கணக்காகும். பனாமாப் பூசந்தி வரை கப்பலிற் சென்று, 1855இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதையால் மறுகடலை அடைவது மற்றொன்று. அது விரைவானது, ஆனால் காசு வேண்டும். தென்னமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக் கடல்வழியாகவே போவது மூன்றாவது. காசில்லாதவருக்குத் தொழில் செய்துகொண்டு போகும் வழிதான் வழி. கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்க அரசாங்கம் புதிதாய்க் கட்டிய ‘ஷுப்ரிக்’ என்ற நீராவிக் கப்பல் பசிபிக் கரைக்கு அனுப்பப்பட இருந்தது. குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு சட்டசபை உறுப்பினரின் உதவியால், அதிற் பண்டகசாலைப் பொறுப்பாளர் வேலை மாதம் 40 டொலருக்குக் கிடைத்தது. 1857 டிசெம்பர் 22ஆம் திகதி, நத்தாருக்கு மூன்று நாள் இருக்க, கப்பல் புறப்பட்டது. தாயாரைப் பிரிந்த அந்நாளுக்குப் பின் பதினோராண்டு அவர் அந்த வீட்டு வாசலைக் காணவில்லை.

சில நாளிலேயே கப்பல் பெரும் புயலிற் சிக்கிற்று. பாரத்தைக் குறைக்கவென மேற்றளத்துப் பொருள்களைக் கடலிலே தள்ளினர். நீக்ரோ மாலுமி ஒருவரோடு சேர்ந்து ஜோர்ஜும் தள்ளினார். உயிர் தப்பிய கப்பல், மகெல்லன் நீரிணையூடாகச் சென்று, ஐந்து மாதத்துக்கு மேற் பயணஞ்செய்து, 1858 மே 27ஆம் திகதி சன் பிரான்சிஸ்கோத் துறைமுகத்தை அடைந்தது. தன் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக ஒருவர் ஒரு கண்டத்தையே சுற்றிவர வேண்டியிருந்த காலம் அது.

அந்த நகரத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1848இல் கலிபோர்ணியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டபோது அது ஆயிரம் பேருக்கு மேற்படாத ஒரு கடற்கரைக் குடியிருப்பு. 1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 56,802 பேர். 1870இல் 149,473 பேர். 1880இல் 233,959 பேர். பொன் வேட்டையின் உச்சத்திலே ஒரு முட்டை ஒரு டொலருக்கு விற்ற ஊர் அது. அந்த வெறி தணிந்த பிறகும் மற்ற நகரங்களின் விலை அங்கே திரும்பவில்லை. ஒரு சத நாணயம் அவ்வூரிற் புழங்கவேயில்லை. ஒரு சதத்துக்கு வாங்கத்தக்க பொருள் எதுவும் அங்கே இல்லை என்பதுதான் காரணம். ஆயினும், விலை அதிகமென்றால் கூலியும் அதிகமாகவே இருந்தது. காரணம் எளிது. முதலாளி குறைத்துக் கொடுத்தால், ஒரு மண்வெட்டியும் அரிப்புத் தட்டும் வாங்கிக்கொண்டு மலைக்குப் போய் எவரும் தமக்கெனப் பொன் அரிக்கலாம். எவருக்கும் உரிமையில்லாத நிலம் எட்டும் தூரத்திற் கிடக்கும்வரை, ஒருவரும் அங்கே கிடைப்பதற்குக் குறைந்த கூலிக்கு உடன்பட மாட்டார். இந்த உண்மையை ஜோர்ஜ் பின்னாளில் ஒரு நூலாக விரித்தார். அன்று அவர் கண்டது நல்ல கூலி தரும் ஊரை மாத்திரமே.

அவர் வந்திறங்கிய வேளையிற் பொன் வேட்டை இன்னும் வடக்கே, பிரேசர் நதிப் பக்கம் நகர்ந்திருந்தது. அங்கே விக்டோரியா என்ற ஊரில் உறவினர் ஒருவர் கடை வைக்கப் போனார், ஜோர்ஜும் போனார். போகும் வழியிற் கப்பலின் மேற்றளத்தில் நடந்த ஒரு பேச்சை அவர் சாகும்வரை மறக்கவில்லை. சுரங்கத் தொழிலாளர் சிலர் சீனர்களைக் குறைகூறிக்கொண்டிருந்தனர். தாங்கள் விட்டுப்போன மட்டமான இடங்களிலே அரித்துப் பிழைக்கும் சீனரால் என்ன கெடுதி என்று இவர் கேட்டார். முதிய தொழிலாளி ஒருவர், இன்றைக்குக் கெடுதி ஒன்றுமில்லை, ஆனால் நாடு வளர வளர, மக்கள் வந்து சேரச் சேர, கூலி இறங்கும், அப்போது தெரியும் என்று விடை சொன்னார். சீனரைப் பற்றிய பேச்சு ஜோர்ஜின் மனத்தைவிட்டு உடனே அகன்றது. நாடு வளர்ந்தால் கூலி இறங்கும் என்ற சொல் முள்ளாய்த் தைத்து நின்றது. வளர்ச்சி என்றால் எல்லாருக்கும் நன்மை என்றுதானே பள்ளியிலும் பத்திரிகையிலும் சொன்னார்கள்?

விக்டோரியாவிற் பொன்னும் கிடைக்கவில்லை, கடையும் நிலைக்கவில்லை. கடன் வாங்கிய பணத்தில் 1858ஆம் ஆண்டின் கடைசியிற் சன் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பினார். ‘வாட் சியர் ஹவுஸ்’ என்ற விடுதியில் ஓர் இடம் பிடித்தார். ஆண்கள் மட்டும் தங்கும், மதுபானம் விற்காத விடுதி அது. அங்கே சிறியதொரு நூலகமும் இருந்தது. பகலெல்லாம் எழுத்துக் கோத்த கையால் இரவிற் புத்தகம் புரட்டினார். தொழில் நின்றபோது ஓர் அரிசி ஆலையில் எடை பார்ப்பவராகப் போனார், ஆலையும் மூடிற்று. சுரங்கப் பக்கம் கால்நடையாகப் புறப்பட்டு, வழிச்செலவுக்கில்லாமல் பண்ணைகளிற் கூலிவேலை செய்து, வைக்கோற் போரிலே படுத்து, இரண்டு மாதத்திற் பழைய நகரத்துக்கே வந்தார்.

இந்த நாட்களில் ஒரு புதுவருட இரவு. நாடகக் கொட்டகையின் மேல்மாடத்தில், மலிவான இருக்கையில், மற்ற உழைப்பாளிகளோடு ஜோர்ஜ் உட்கார்ந்திருந்தார். புதிதாய் எழுதிய திரைச்சீலை ஒன்று இறங்கிற்று. கிழக்கிலிருந்து கண்டத்தைக் கடந்து வரும் புகைவண்டி சன் பிரான்சிஸ்கோவுக்குள் நுழைவதாக அதில் ஓவியம். அன்று அப்படியொரு பாதை இல்லை. பத்தாண்டுக்குப் பின்னர்தான் வந்தது. கொட்டகை முழுவதும் எழுந்து நின்று ஆரவாரித்தது. ஜோர்ஜும் தொண்டை கட்டும்வரை கூவினார். கூவி ஓய்ந்து உட்கார்ந்ததும், இந்தப் புகைவண்டி வந்தால் உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத தம் போன்றவருக்கு என்ன கிடைக்கும் என்று ஓர் எண்ணம் தோன்றிற்றாம். ஊர் முழுதும் கைதட்டும்போது ஒருவன் தனியே கணக்குப் பார்க்கத் தொடங்குவது எளிய காரியமன்று. எனக்கு அவர் வாழ்க்கையிலே மிகப் பிடித்த நிமிடம் இதுவே.

ஆனி பாக்ஸ் என்ற பெண்ணை அவர் மணந்தது 1861 டிசெம்பர் 3ஆம் திகதி. அவுஸ்திரேலியாவிற் பிறந்து, தாய்தந்தையரை இழந்து, மாமனார் வீட்டில் வளர்ந்த பதினெட்டு வயதுப் பெண், கத்தோலிக்க மதத்தவர். காசில்லாத அச்சுக்கோப்பாளர் வீட்டுப்படி ஏறுவதை மாமனார் விரும்பவில்லை. ஜோர்ஜ் தம் சட்டைப்பையிலிருந்த ஒரேயொரு நாணயத்தை எடுத்து அப்பெண்ணிடம் காட்டி, உலகத்திலே தமக்குள்ள செல்வம் இவ்வளவே, இதற்கு உடன்படுவாயா என்று கேட்டாராம். அவள் உடன்பட்டாள். இரவல் வாங்கிய உடையில் மாப்பிள்ளைக் கோலம். சில காலம் சாக்ரமென்றோ நகரில் வேலை செய்து, முதல் மகனையும் பெற்று, 1864இல் மீண்டும் சன் பிரான்சிஸ்கோவுக்கு வந்தனர். மழை பொய்த்துப் பயிரும் மந்தையும் அழிந்திருந்த காலம், வியாபாரம் படுத்திருந்தது. துணி பிழியும் யந்திரத்தை வீடு வீடாக விற்றுப் பார்த்தார். நண்பர் இருவரோடு கூட்டுச் சேர்ந்து சிறிய அச்சகம் வைத்தார். வேலை வரவில்லை. பால்காரருக்கு விலாசச் சீட்டு அச்சடித்துக் கொடுத்துப் பாலும், விறகுக்காரருக்கு அச்சடித்து விறகும் வாங்கினர். மனைவியார் தம் நகைகளை ஒவ்வொன்றாக அடகுவைத்தார். கலியாண மோதிரம் ஒன்றுதான் எஞ்சிற்று.

1865 ஜனவரி 27ஆம் திகதி காலை இரண்டாவது மகன் பிறந்தான். பார்த்த வைத்தியர், குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், அது பட்டினியாற் சாகிறது, முதலில் ஊட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டிலோ ஒன்றும் இல்லை. ஜோர்ஜ் தெருவில் இறங்கினார். எதிரே வந்தவர்களிற் பணமுள்ளவராகத் தோன்றிய ஒருவரை, முன்பின் அறியாதவரை, நிறுத்தி 5 டொலர் கேட்டார். எதற்கு என்று அவர் கேட்க, மனைவி பிள்ளை பெற்றுக் கிடக்கிறாள், கொடுக்க ஒன்றுமில்லை என்றார். அந்த மனிதர் கொடுத்துவிட்டார். கொடாதிருந்தால் அவரைக் கொன்றிருக்கவும் கூடும், அவ்வளவு மனம் முறிந்திருந்தேன் என்று ஜோர்ஜ் பிற்காலத்தில் மறைக்காது கூறினார். பேரும் ஊரும் தெரியாத அந்த ஆளை நினைத்தால் எனக்கு வியப்பாயிருக்கிறது. அந்தத் தெருவில் அன்று கை விரித்திருந்தால், உலகம் ஹென்றி ஜோர்ஜைக் கொலைகாரர் பட்டியலிலே தேட நேர்ந்திருக்குமோ என்னவோ.

பிழைத்தார்கள். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், நேரத்தை எவ்வாறு பயன்படச் செலவிடுவது என்று தமக்குத்தாமே ஒரு கட்டுரை எழுதிப் பார்த்தார்; எழுத்துக் கோப்பவர் எழுத்தாளராவதற்கு இட்ட முதற் புள்ளி அது. ஏப்ரலில் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டார். ‘அல்டா கலிபோர்ணியா’ பத்திரிகையில் அப்போது எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த ஜோர்ஜ், துயரம் தாளாது ஒரு கட்டுரை எழுதி ஆசிரியரின் பெட்டியிற் போட்டார். அது அச்சேறிற்று. இரண்டாண்டுக்குள் வேறொரு பத்திரிகையின் நிர்வாக ஆசிரியரானார். அந்த ஏற்றத்தை விரித்துச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. திறமையுள்ளவர் ஏறுவது எங்கும் உண்டு. ஏறியபின்னும் அந்த முள்ளை எடுத்து எறியாதிருந்ததே பெரிது.

1868 ஒக்டோபரில், ‘ஓவர்லண்ட் மன்த்லி’ என்ற சஞ்சிகையில், வரப்போகும் இருப்புப்பாதை நமக்கு எதைக் கொண்டுவரும் என்று ஆராயும் கட்டுரை எழுதினார். ஊர் முழுதும் பாதை எப்போது முடியும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த வேளை. ஜோர்ஜ், சனத்தொகை பெருகும், வாணிபம் பெருகும், காணி வைத்திருப்பவர் கோடீசுவரராவர், காணியில்லாதவருக்கோ கூலி இறங்கும், வாடகை ஏறும் என்று எழுதினார். 1864ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதை போடும் கும்பனிக்கு ஒவ்வொரு மைலுக்கும் 12,800 ஏக்கர் பொதுநிலம் இனாமாகக் கொடுக்கப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால் அவர் சொன்னது விளங்கும். எவரும் போய்ப் பொன் அரிக்கலாம், உழலாம் என்றிருந்த நிலம் அடைபட்டுக்கொண்டிருந்தது. 1869 மே 10ஆம் திகதி பாதை முடிந்தது. கிழக்கிலிருந்து மலிவுச் சரக்கும் வேலை தேடுவோரும் ஒருசேர வந்தனர். சில ஆண்டுகளில் சன் பிரான்சிஸ்கோவின் தெருக்களில் வேலையற்றோர் கூட்டம் கூட்டமாய் நின்றனர்.

பாதை முடியுமுன்னரே, பத்திரிகை வேலையாக நியூயோர்க்குக்கு அனுப்பப்பட்டார். 1868ஆம் ஆண்டுக் கடைசியில், பாதை இல்லாத இடங்களைக் குதிரை வண்டியிற் கடந்து போனார். ஒருகாலத்தில் ஐந்து மாதமெடுத்த பயணம், இப்போது சில வாரம். நியூயோர்க்கிலே அளவற்ற செல்வமும் அதன் காலடியில் அளவற்ற வறுமையும் கண்டார். சன் பிரான்சிஸ்கோவுக்குப் பழக்கப்பட்ட கண்ணுக்கு அது இரட்டிப்பாகத் தெரிந்தது. கலிபோர்ணியா நாளை எப்படியாகும் என்பதை அவருக்கு இன்றே திறந்து காட்டியது போல. பட்டப்பகலில் நடுத்தெருவில் நின்று, இதற்குக் காரணம் காணாமல் விடுவதில்லை என்று தமக்குள் விரதம் பூண்டார்.

விடை வந்த இடம் இன்னும் எளியது. 1870இல் விரிகுடாவின் மறுகரையிலுள்ள ஒக்லண்டில் ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். ஒருநாள் குதிரையேறி மலைப்பக்கம் போனவர், இளைப்பாற நின்ற இடத்தில், வழியே வந்த வண்டிக்காரரிடம், பேச்சுக்கு ஒன்றாக, இங்கே காணி என்ன விலை போகிறது என்று கேட்டார். வண்டிக்காரர் தொலைவில் எலிகள் போற் சிறுத்துத் தெரிந்த சில மாடுகளைக் காட்டி, சரியாகத் தெரியாது, அதோ அங்கே ஒருவர் ஏக்கர் ஆயிரம் டொலருக்குக் கொஞ்சம் விற்பாராம் என்றார். மாடு மேயும் தரிசு நிலம்! அந்த மண்ணில் ஆயிரம் டொலருக்கு என்ன விளைந்தது? ஒன்றும் விளையவில்லை. பாதை வந்தது, மக்கள் வந்தனர், நாளை நகரம் அந்த இடத்துக்கு வரும் என்ற நம்பிக்கை வந்தது. ஊர் கூடி உண்டாக்கிய மதிப்பு, நிலத்தை அடைத்து வைத்துக் காத்திருந்தவர் மடியிலே விழுகிறது. அதற்காக உழைப்பவர் கூடுதலாகக் கொடுக்கிறார். முள் தைத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் அது ஏன் வலித்தது என்று விளங்கிற்று.

கடினமான பொருளியல் போலத் தோன்றினாலும் இது நாமெல்லாம் அறிந்த சங்கதிதான். உத்தியோகத்துக்கென வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்த காலத்தில், சம்பளத்தில் ஏறக்குறைய பாதியை அறை வாடகையாக எண்ணிக் கொடுத்தவன் நான். தெருவுக்கு விளக்கு வந்தபோது வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். பஸ் வந்தபோது மறுபடியும் ஏற்றினார். விளக்கையும் பஸ்ஸையும் அவர் கொண்டுவரவில்லை. ஆனால் அவற்றின் பெறுமதி அவர் வளவுக்குள் வந்து குந்திக்கொண்டது. ஜோர்ஜின் முழு நூலும், அந்தப் பெறுமதி யாருக்கு உரியது என்ற ஒரே வழக்கின் விரிவுதான். அவருடைய தீர்ப்பு: உழைப்புக்கும் வீட்டுக்கும் தொழிலுக்கும் போடும் வரிகளையெல்லாம் நீக்கிவிடுக, கட்டடத்தை விட்டுவிட்டு, வெறும் நிலத்தின் பெறுமதிக்கு மாத்திரம் அரசு வரி வாங்குக. ஊர் உண்டாக்கியது ஊருக்கே திரும்பட்டும். நிலத்தைப் பறிக்க வேண்டியதில்லை. அதன் வாடகைப் பெறுமதியைப் பொதுவாக்கினாற் போதும்.

இதனை 1871இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு டிசெம்பரிற் கூட்டாக ஒரு மாலைப் பத்திரிகையும் தொடங்கினார். விலை ஒரு சதம். அந்நகரில் ஒரு சத நாணயமே புழங்கவில்லை என்று முன்னர் சொன்னேன் அல்லவா? வங்கியொன்று கிழக்கிலிருந்து சதங்களைத் தருவிக்க வேண்டியிருந்ததாம். ஏழை வாங்கத்தக்க பத்திரிகையை அச்சடிப்பதற்கு முன், ஏழை கையிற் புழங்கும் காசையே இறக்குமதி செய்த ஊர்! நான்காண்டில் அந்தப் பத்திரிகையும் கைவிட்டுப் போயிற்று. அரசாங்கத்தில் எரிவாயு மானிகளைப் பரிசோதிக்கும் உத்தியோகம் கிடைத்தது. வேலை குறைவு, நேரம் மிச்சம். 1877 செப்டெம்பரிற் பெரிய நூலை எழுதத் தொடங்கினார். அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான் அந்நகரில் வேலையற்றோர் கூட்டம் சீனர் குடியிருப்புக்களைத் தாக்கித் தீயிட்டிருந்தது.

இவ்விடத்தில் அவர் குறையையும் சொல்லாமற் போவது முறையன்று. 1869இல் நியூயோர்க் பத்திரிகையொன்றுக்கு எழுதியபோது, கூலி இறங்குவதற்குச் சீனர் வரவே காரணமென்று வாதித்து, அவர்களை உள்ளே விடலாகாது என்றார். அந்த நிலையிலிருந்து அவர் பின்னரும் முற்றாக விலகவில்லை. வந்து உழைப்பவரன்று, அடைத்து வைப்பவரே காரணம் என்று கண்ட அறிவு, சீனர் விஷயத்தில் மாத்திரம் கண்ணை மூடிக்கொண்டது. கூலிக்கென வரவழைக்கப்பட்டவர்கள்மேல் நாட்டின் குறைகளையெல்லாம் ஏற்றிப் பேசும் வழக்கம் எவ்வளவு கொடியது என்பதை நம் நாட்டு வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வறுமை எல்லாவற்றுக்கும் நிலமொன்றே காரணம் என்பதும் என்னால் ஏற்கத்தக்கதன்று. 1865இல் அவர் வீட்டிற் பட்டினி வந்ததற்கு மழை பொய்த்ததும் காரணம், அவர் தலைமேல் இருந்த கடனும் காரணம். ஆனால் ஒரு பெரிய காரணத்தைக் கண்டவர் அதை ஒரே காரணமாகக் கொள்வது இயல்புபோலும்.

1879 மார்ச்சில் ஒரு நள்ளிரவு, விரிகுடாவை நோக்கிய வாடகை வீட்டில், கடைசி ஏட்டை எழுதி முடித்தார். தனியே இருந்தவர் முழந்தாளிட்டுக் குழந்தைபோல் அழுதாராம். கையெழுத்துப் பிரதியை நியூயோர்க் பதிப்பாளர்கள் ஏற்கவில்லை. பழைய கூட்டாளியொருவரின் அச்சகத்திலே, தாமே எழுத்துக் கோக்கும் கோலைக் கையில் எடுத்து முதல் வரிகளைக் கோத்தார். எழுதியவரே எழுத்துக் கோத்த பொருளியல் நூல் வேறொன்று உண்டோ, நான் அறியேன். 500 பிரதி அச்சாயிற்று. அச்சுத் தகடுகள் ஆயத்தமாக இருந்ததால், அப்பிள்டன் பதிப்பகம் 1880 ஜனவரியில் அதை வெளியிட இசைந்தது. பின்பு அந்நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு இலட்சக்கணக்கில் விற்றது.

ஆனால் அதை எழுதிய நகரத்தில் அவருக்கு வாழ வழியில்லை. 1880இற் கடனோடு நியூயோர்க்குக்குப் புறப்பட்டார். பதினெட்டு வயதில் வந்தவர் நாற்பதைக் கடந்து திரும்பினார். மற்றவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். அயர்லாந்தில் குத்தகைக்காரர் கிளர்ச்சியைப் பார்க்கப் போய் இருமுறை கைதாகி விடுதலையானார். 1886இல் தொழிற்சங்கங்கள் அவரை நியூயோர்க் மாநகர முதல்வர் தேர்தலுக்கு நிற்கக் கேட்டன. முப்பதாயிரம் பேர் கையொப்பமிட்டுக் கேட்டாலன்றி நில்லேன் என்றார். அதற்கு மேலாகவே கையொப்பம் வந்தது. தேர்தலில் ஹியூவிற் என்பவருக்கு 90,552 வாக்கும், ஜோர்ஜுக்கு 68,110 வாக்கும் கிடைத்தன. 60,435 வாக்குடன் மூன்றாவதாக வந்த இளைஞர், பின்னர் அமெரிக்க ஜனாதிபதியான தியடோர் ரூஸ்வெல்ற். 1897இல், உடல்நிலை கெட்டிருந்தும், வைத்தியர் தடுத்தும், மீண்டும் நின்றார். தேர்தலுக்கு நான்கு நாள் முன், ஒக்டோபர் 29ஆம் திகதி விடியற்காலையில், கூட்டங்களிற் பேசிவிட்டு வந்து படுத்தவர் இறந்தார். வயது 58. அவருடைய உடலைக் காண ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் வரிசையில் வந்தனர் என்பர்.

அவருடைய வரித் திட்டத்தைக் கலிபோர்ணியா ஏற்கவில்லை. அதற்கு நேர்மாறாக, 1978இல் அம்மாநில வாக்காளர் ஆதனவரிக்கு உச்சவரம்பு கட்டி அரசியலமைப்பையே திருத்தினர். காணி மதிப்பு எவ்வளவு ஏறினாலும் கைமாறும்வரை வரி பெரிதாக ஏறாது. சன் பிரான்சிஸ்கோ இன்றும் அந்நாட்டின் மிகக் கூடிய வாடகை நகரங்களுள் ஒன்று. நாட்டின் மறுகோடியிலிருந்து நல்ல சம்பளம் என்று கேள்விப்பட்டு வரும் இளைஞர், ஓர் அறையை இருவர் மூவராய்ப் பங்கிட்டு இருக்கின்றனர். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜோர்ஜின் கொள்கையை விளக்குவதற்கென எலிசபெத் மகீ என்ற பெண்மணி 1904இல் உரிமைப் பதிவு பெற்ற ஒரு பலகை விளையாட்டிலிருந்தே ‘மொனோப்பொலி’ பிறந்தது. காணி பிடித்து வாடகை வாங்கி மற்றவரை ஓட்டாண்டியாக்குவது எவ்வளவு தீது என்று காட்ட வந்த விளையாட்டை, அப்படி ஆக்குவதே இன்பமென்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் விடுமுறைதோறும் ஆடுகின்றனர்.

பட்டினியோடு பிறந்த அந்த இரண்டாவது மகனின் பெயர் ரிச்சர்ட். அவன் பிழைத்து வளர்ந்து சிற்பியானான். தன் தந்தையின் மார்பளவுச் சிலையைத் தன் கையாலேயே செய்தான்.